3,000 கிலோமீட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயிலைக் குடிக்கும் கார்: இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

கேள்வி, 6 ஜனவரி 2025

என் வண்டி 2011-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஓட்டம் 1,12,000 கிலோமீட்டர். குடியிருப்பது கடலூர், கூத்தப்பாக்கம். செப்டம்பரில் சர்வீஸ் செய்து ஆயில் மாற்றிய பிறகு 3,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. நேற்று ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும் ஈரம் தெரிகிறது. பட்டறையில், பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும், 55,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மைத்துனரோ, 20டபிள்யூ-50 என்னும் கெட்டி ஆயிலை ஊற்றினால் போதும், எல்லாம் அடங்கிவிடும் என்கிறார். புகை எதுவும் என் கண்ணில் படவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

7 ஜனவரி

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். இன்றைக்கே ஆயில் வாங்கி, டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவுக்கு ஊற்றுங்கள். எந்தத் தரம் என்ற ஆராய்ச்சியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆயில் குறைந்த நிலையில் ஓடுவதைவிட வேறு தர ஆயிலோடு ஓடுவது எவ்வளவோ மேல்.

சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று தைரியமாக இருக்க வேண்டாம். அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் ஆயில் வற்றி, திருப்பத்தில் அது ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும்போதுதான் விளக்கு மினுக்கும். என்னுடைய பழைய கார், புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் வழியில், தவளக்குப்பம் திருப்பத்தில் ஒரு முறை மினுக்கியது. கடலூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். கன்னியகோயில் தாண்டும்போது இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வந்தது. பிஸ்டன் தண்டைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் பிக் எண்ட் பேரிங் உருகி, அந்த ஷாஃப்டை லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஆயிலுக்காகச் செலவழிக்காத இருநூறு ரூபாயைப் பற்றி என் வீட்டில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

8 ஜனவரி

இனி அளவைப் பற்றி. வண்டி ஆயில் குடிக்கிறது என்று சொல்லும் பலர், எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சர்வீஸில் மேல்கோடு வரை ஊற்றினார்களா என்று செப்டம்பரில் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் ஒரு லிட்டர் குறைந்தது என்பதே ஊகம்தான். டிப்ஸ்டிக்கின் பாதி அளவுக்கு மட்டும் ஊற்றி வண்டியைக் கொடுத்துவிட்டிருந்தால் குறைந்தது அரை லிட்டராகவே இருக்கலாம்.

ஒரே இடத்தில் நிறுத்தி, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். அரியாங்குப்பத்தில் என் வீட்டு வாசல் சாய்வாக இருப்பதால் வண்டியின் முகத்தைத் தெருப் பக்கம் வைத்தால் ஒரு அளவு, வீட்டுப் பக்கம் வைத்தால் வேறு அளவு காட்டும். வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர். இது தெரியாமல் ஒரு மாதம் முழுக்க, ஒரு நாள் நல்ல இன்ஜின், மறுநாள் கெட்ட இன்ஜின் என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

ஊற்றும் ஆயிலைச் சமையலறைத் தராசில் எடை போட்டு ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 860 கிராம் இருக்கும். எனவே 86 கிராம் ஊற்றினால் 100 மில்லி என்று எழுதிக்கொள்ளலாம். டிப்ஸ்டிக்கின் கோட்டை வைத்துக் கணக்குப் போடுவதைவிட இது நம்பகமானது. அந்தத் தராசில் இனிமேல் பருப்பு நிறுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

8 ஜனவரி, இரவு

காலையில்தான் பார்க்க வேண்டும் என்று மேலே எழுதியது கொஞ்சம் அதிகப்படி. ஓடிய வண்டியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் தவறில்லை; சில கார்களின் கையேடு அப்படித்தான் பார்க்கச் சொல்கிறது. எந்த முறையானாலும் எப்போதும் அதே முறையாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

11 ஜனவரி

புகை தெரியவில்லை என்பதை வைத்து ஆயில் எரியவில்லை என்று முடிவு கட்ட முடியாது. 3,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு மில்லி. வண்டி லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொண்டால், எரியும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலோடும் 5 மில்லி ஆயில் எரிகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்களுக்கு நாம் லிட்டருக்கு 20 மில்லி கலந்து ஊற்றினோம். அதில் கால் பங்கு, அதுவும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வழியாக வெளியேறினால், பின்னால் வருகிறவர் எதைப் பார்ப்பார்?

எரிகிறதா, ஒழுகுகிறதா என்பதையும் பிரித்து அறிய வேண்டும். இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். டேப்பட் கவர் பேக்கிங்கிலிருந்து கசியும் ஆயில் தரைக்கு வராமல் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் விழுந்து கருகிவிடும் என்பதால், அட்டை சுத்தமாக இருக்கிறதே என்று ஏமாறவும் கூடாது. சிக்னலில் நிற்கும்போது பானட் பக்கமிருந்து கருகிய வாடை வந்தால் அங்கே கையை வைத்துப் பாருங்கள். (வண்டி ஆறிய பிறகு. என் கட்டைவிரல் சாட்சி.)

17 ஜனவரி

பொங்கலுக்குச் சென்னை போய் வந்ததில் என் நோட்டில் ஒரு புதிர் விழுந்தது. டிசம்பர் முழுக்க வீடு, பள்ளி, கடை என்று 700 கிலோமீட்டர் ஊருக்குள் ஓடியபோது ஆயில் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. வண்டி குணமாகிவிட்டது என்றே நினைத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 310 கிலோமீட்டர் போய் வந்த மறுநாள் காலை நான்கு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

குணமாகவும் இல்லை, புதிதாகக் கெடவும் இல்லை. மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் சூடேறுவதே இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. குறைகிற ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்ததால் டிப்ஸ்டிக் அதே கோட்டைக் காட்டியது. நெடுஞ்சாலையில் ஆயில் நன்கு சூடானதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் போய்விட்டது, கணக்கு வெளிப்பட்டது. டிசம்பரில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்திருந்தால் பெட்ரோல் வாடையே சொல்லியிருக்கும்.

எனவே 8 ஜனவரி குறிப்போடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு நெடுந்தூர ஓட்டத்துக்குப் பிறகு எடுத்த அளவை, இன்னொரு நெடுந்தூர ஓட்டத்துக்குப் பிறகு எடுத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

19 ஜனவரி

புகை எப்போது வருகிறது என்பதுதான் அதன் நிறத்தைவிட அதிகம் சொல்லும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் உயிர்ப்பித்தவுடன் ஒரு வாய் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். ஏற்றத்தில் மிதிக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங் பக்கம் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே நீண்ட இறக்கம் இறங்கி, அடிவாரத்தில் மிதித்த நொடியில் குப்பென்று வந்தால் மறுபடியும் வால்வு சீல், அல்லது வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு. திராட்டில் மூடியிருக்க இன்ஜின் வேகமாகச் சுழலும்போது உள்ளே உறிஞ்சல் மிகுந்து, வால்வுத் தண்டு வழியாக ஆயிலை இழுத்துவிடுகிறது.

மலையில்லாத ஊரில் இறக்கத்துக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். கடலூருக்குக் கேப்பர் மலை இருக்கிறது. பின்னால் ஒரு வண்டியில் நண்பரை வரச் சொல்லி அங்கே இறங்கிப் பாருங்கள். புதுச்சேரிக்காரர்களாகிய நாங்கள்தான் இதற்கும் உங்கள் ஊருக்கு வர வேண்டியிருக்கிறது. பெட்ரோலுக்கு நீங்கள் எங்கள் ஊருக்கு வருவதால் கணக்கு நேராகிவிடும்.

27 ஜனவரி

நீங்கள் அனுப்பிய கம்ப்ரஷன் அளவுகள், அதாவது நான்கு சிலிண்டர்களிலும் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம், பிஎஸ்ஐ கணக்கில்: 165, 160, 168, 162. நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக உள்ளன, அளவும் நன்றாகவே இருக்கிறது. எனவே ரிங் குற்றமற்றது; பட்டறைக்காரர் சொன்னது தவறு. வால்வு சீல்தான் காரணமாக இருக்க வேண்டும்.

28 ஜனவரி

நேற்று எழுதியதை அடித்துவிடுங்கள். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது.

பிஸ்டனில் மூன்று ரிங்குகள் உள்ளன. மேலே உள்ள இரண்டும்தான் கம்ப்ரஷனைக் காக்கின்றன. மூன்றாவதான ஆயில் ரிங்கின் வேலையோ சுவரில் ஒட்டிய ஆயிலை வழித்து, பள்ளத்தில் உள்ள சிறு துளைகள் வழியாகக் கீழே அனுப்புவது மட்டும்தான். அந்தத் துளைகள் கரியால் அடைபட்டு, ஆயில் ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டாலும், மேலிரண்டும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் மீட்டர் 165 என்றே காட்டும். ஆயில் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கம்ப்ரஷன் குறைந்திருந்தால் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் மேல் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று சொல்லலாம். உங்கள் அளவு குறையவே இல்லாததால் அந்தச் சோதனைக்கும் இங்கே வேலையில்லை.

பட்டறைக்காரர் தவறு என்று நான் சொன்னதுதான் தவறு. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் எதையும் அளக்காமல் சொன்னார், நான் அளந்த பிறகும் தவறாகச் சொன்னேன். இதில் யாருக்கு அதிக வெட்கம் என்று தெரியவில்லை.

29 ஜனவரி

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, செய்தித்தாளின் மேல் வரிசை மாறாமல் வையுங்கள். ஒன்று மட்டும் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் நோய் அந்தச் சிலிண்டரில். நான்கும் ஒரே மாதிரி இருந்தால் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும். என் வண்டியில் மூன்றாவது பிளக் கரிச்சட்டி போல வந்தது.

3 பிப்ரவரி

உங்கள் பிளக்குகள் நான்கும் ஒரே மாதிரி லேசாகக் கறுத்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளிலேயே நான் எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்: பிசிவி வால்வைப் பார்த்தீர்களா?

ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு சம்ப்பில் தேங்காமல், மறுபடி இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக்குக்குப் போய் எரிவதற்கான சின்னஞ்சிறு வழி அது. திறந்த நிலையில் அது சிக்கிக்கொண்டால் இன்டேக்கின் உறிஞ்சல் ஆயில் ஆவியையும் துளிகளையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் சம்ப்பில் அழுத்தம் ஏறி, பேக்கிங் வழியாக ஆயில் வெளியே வரும். இரண்டிலும் ஆயில் குறையும். இரண்டையும் மெக்கானிக் வேறு நோயாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். பிசுபிசுவென்று ஊமையாக இருந்தால் மாற்றுங்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். கூடவே, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து துளையின் மேல் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். தாள் லேசாக உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. வெடுக்கென்று ஒட்டிக்கொண்டால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். தாளைத் தள்ளிவிட்டுப் புகை வெளியே வந்தால் ஒன்று பிசிவி அடைத்திருக்கிறது, அல்லது ரிங்குகள் வாயுவைக் கீழே விடுகின்றன. 55,000 ரூபாய்ச் சிகிச்சைக்கு முன் ஒரு தாளின் செலவு.

5 பிப்ரவரி

ஒருவர், ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் வண்டி நின்றதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார். 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் தண்ணீர் வந்தது. தண்ணீர் டிப்ஸ்டிக் வழியாகவோ இன்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாய் வழியாகவோ உள்ளே போயிருந்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும், அளவு ஏறியிருக்கும்; குறையாது. அப்படியிருந்தால் ஓட்டவே கூடாது. ஏர் ஃபில்டர் நனைந்து, பிறகு காய்ந்து கிழிந்து, அந்த ஓட்டை வழியாக மணல் போயிருந்தால் அது வேறு கதை: மணல் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துத் தேய்த்து, இரண்டு ஆண்டு கழித்து இதே கேள்வியைக் கேட்க வைக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் ஏர் ஃபில்டர் பெட்டியைச் சந்தேகத்தோடு திறந்து பார்ப்பது நல்லது.

9 பிப்ரவரி

மைத்துனரின் 20டபிள்யூ-50. அவரை நான் எளிதாகக் கேலி செய்துவிட முடியும், ஆனால் பாதி அவர் சொல்வது சரி. முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. மார்கழி விடியற்காலையிலும் இருபது டிகிரியைச் சுற்றியே நிற்கும் கடலூரில் அந்த எண்ணைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இரண்டாவது எண்தான் கேள்வி. 30-க்காக வடிவமைத்த இன்ஜினில் 50 ஊற்றினால் எரிவது கொஞ்சம் குறையலாம். ஆனால் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வு டைமிங் அமைப்பு மந்தமாகும், பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். கையேடு அனுமதித்தால் ஒரே ஒரு படி, அதாவது 5டபிள்யூ-40, ஏறிப் பாருங்கள்.

கெட்டித்தன்மையோடு ஆவியாகும் தன்மையையும் பார்க்க வேண்டும். ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி எவ்வளவு ஆவியாகிறது என்று அளக்கும் நோவாக் சோதனை ஒன்று உண்டு. பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஃப்-5 தர ஆயில்களுக்கு உச்ச வரம்பு 15 விழுக்காடு. அதைவிட நன்கு குறைவாகக் காட்டும் ஆயில், கெட்டியாக இல்லாமலேயே குறைவாகச் செலவாகும்.

டப்பாவில் விற்கும் ஆயில் கெட்டியாக்கி பற்றிக் கேட்டவருக்கு: விற்பனைக்கு முன் வண்டியை இரண்டு நாள் நல்லவனாக நடிக்க வைக்க உதவும்.

12 பிப்ரவரி

நெய்வேலியிலிருந்து டீசல் வண்டிக்காரர் ஒருவர் கேட்டதற்குச் சுருக்கமாக. டர்போ உள்ள டீசலில் டர்போவின் சீல் கசிந்து, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஆயில் தேங்கும். குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். லேசான ஈரம் இயல்பு, குளமாக நின்றால் இல்லை. தேங்கிய ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் தானாக வேகம் பிடித்துவிட்டால் சாவியை அணைத்தாலும் நிற்காது. மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்ச்சை விட்டு அமுக்கி நிறுத்த வேண்டும். வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

2 மார்ச்

என் வண்டியின் கதை. மூன்றாவது பிளக் மட்டும் கறுத்திருந்ததால் முதலில் அந்தச் சிலிண்டரின் வால்வு சீலை மாற்றினேன். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை இறக்காமலே செய்யலாம். பிஸ்டனைச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டு, பிளக் துளை வழியாகச் சுத்தமான நைலான் கயிற்றைத் திணித்து, பிறகு பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் கயிறு வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீலை மாற்றிவிடலாம். கயிற்றின் ஒரு முனை வெளியே இருக்கட்டும் என்று மெக்கானிக் அண்ணன் மூன்று முறை சொன்னார். பழைய சீல் ரப்பராக இல்லை, பிளாஸ்டிக் வளையல் போல இறுகியிருந்தது.

காலைப் புகை நின்றது. ஆயில் செலவு 1,200 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பதிலிருந்து 1,400 ஆனது. அவ்வளவுதான். முக்கியக் குற்றவாளி ஆயில் ரிங்தான் என்பது அப்போதுதான் உறுதியானது.

அடுத்து, பிளக் துளைகள் வழியாகக் கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் பிளக்குகளை மாட்டுவதற்கு முன் துளைகளின் மேல் துணி போட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றி மிச்சத் திரவத்தை வெளியேற்ற வேண்டும். இதை மறந்து பிளக்கை மாட்டினால் திரவம் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். முதல் முறை உயிர்ப்பித்தபோது எழுந்த புகையில் எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யும் நிலைக்கு வந்துவிட்டார். சம்ப்பில் இறங்கிய திரவத்தால் ஆயில் நீர்த்திருக்கும் என்பதால் உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். இரண்டு முறை செய்த பிறகு 2,100 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்.

3 மார்ச்

ஊற வைப்பதைப் பரிந்துரைக்கிறேனா என்று கேட்டால், தயக்கத்தோடு ஆம். கரி இளகி விழுந்து சம்ப்பில் உள்ள வடிகட்டியை அடைத்துவிடும் அபாயம் உண்டு. உள்ளே சேறு படிந்த, ஆயில் மாற்றாமலே ஓட்டிய வண்டிக்கு இது வேண்டாம். சம்ப்பில் டீசல் ஊற்றி இன்ஜினை ஓட்டிக் கழுவும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதை இதோடு குழப்ப வேண்டாம். டீசலில் ஓடும் பேரிங்குக்குக் காப்பு எதுவும் இல்லை.

18 மே

கேள்வி கேட்ட கடலூர் நண்பரின் கணக்கு வந்திருக்கிறது. பிசிவி வால்வு ஊமை, மாற்றினார். டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிவு, மாற்றினார். 5டபிள்யூ-40 ஊற்றினார். எடை போட்டு, நெடுந்தூர ஓட்டங்களுக்குப் பிறகு மட்டும் அளந்ததில், 2,900 கிலோமீட்டருக்கு 640 மில்லி. அதாவது ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். சில தயாரிப்பாளர்கள் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை இயல்பு என்றே கையேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அது அவர்களுடைய வசதி. இருந்தாலும் அந்த அளவுகோலுக்கு இந்த வண்டி எவ்வளவோ மேல்.

மூன்றையும் ஒரே வாரத்தில் செய்ததால் எது எவ்வளவு உதவியது என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்ல மறந்தது என் பிழை.

20 மே

இனி 55,000 ரூபாயைப் பற்றி. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் நண்பருக்கு 2.2 லிட்டர் கூடுதல் ஆயில். லிட்டர் 500 ரூபாய் என்று வைத்தாலும் 1,100 ரூபாய். இன்ஜினைப் பிரித்த செலவு திரும்பி வர ஐம்பது ஆண்டு ஆகும். வண்டியின் பதிவுச் சான்றோ 2026-இல் பதினைந்து ஆண்டை முடித்துவிடும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் எரிந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் மேல் படிந்து அதை மெல்லச் செயலிழக்கச் செய்யும். ஆக்சிஜன் சென்சாரும் பிளக்கும் சீக்கிரம் போகும். ஒரு நாள் மாசுச் சோதனையில் ஹைட்ரோகார்பன் அளவு எகிறும். 1,200 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்த என் வண்டிக்கு அது உண்மையான செலவு. 4,500-க்கு ஒன்று என்னும் வண்டிக்கு அதற்காக இன்ஜினைப் பிரிக்க மாட்டேன். அது 1,500-க்குக் கீழே இறங்கினால் இதே இழையில் எழுதுங்கள், அப்போது வேறு மாதிரி பேசலாம்.

14 ஜூன்

மைத்துனர் இந்த இழையைப் படித்துவிட்டு, 40 ஊற்றியதால்தான் குறைந்தது, எனவே தானே வென்றதாகச் சொல்கிறாராம். 18 மே குறிப்பில் உள்ள என் பிழையால் அதை மறுக்க என்னிடம் சான்றில்லை.

என் வண்டி இன்று காலை: ஓட்டம் 1,41,260. ஊற்றியது 224 கிராம், அதாவது 260 மில்லி. முகம் தெருப் பக்கம்.